ஓடும் சார், இன்னும் ஓடும்!

மதுரையில் "ஓடும் சார், இன்னும் ஓடும்". நாக்பூரில் "சல் ஜாயேகா சாஹப்". மொழிதான் வேறு, மேட்டர் ஒன்றுதான். வழுக்கையாகிப்போன டயரைக் குனிந்து பார்த்து, கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, இந்தியா முழுக்கச் சொல்லப்படும் வாக்கியம் இது. சில சமயம் மெக்கானிக் சொல்கிறார், சில சமயம் பஞ்சர் கடைக்காரர் சொல்கிறார். பல சமயம் வண்டிக்காரரே தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார்.

இந்தப் பதிவு அந்த வாக்கியத்தின் மேல் நான் போடும் கேஸ். இரண்டாவது குற்றவாளி ஒருவரும் இருக்கிறார். அவரைப் பாதியில் கூண்டில் ஏற்றுகிறேன்.

"பேங்க்காரனுக்கு டயரைப் பற்றி என்னய்யா தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் படித்தது பி.காம். என்ஜினைப் பிரித்துப் போட்டால் திரும்ப மாட்டத் தெரியாது. ஆனால் டயர் சமாச்சாரம் முக்கால்வாசி கணக்குச் சமாச்சாரம் சாமி. தேய்மானம் என்கிற வார்த்தையை வைத்துத்தான் எங்களுக்குப் பாடமே ஆரம்பிக்கும். ஒரு சொத்து எவ்வளவு நாள் உழைக்கும், வருஷா வருஷம் எவ்வளவு கழிக்க வேண்டும், எப்போது புத்தகத்தை விட்டுத் தூக்க வேண்டும்... டயருக்கும் இதே கேள்விகள்தானே?

முதலில் கணக்கு

நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின் டயர் 2,400 ரூபாய் என்று வையுங்கள். கடைக்குக் கடை விலை மாறும், போடுகிற கணக்கு மாறாது. ஒழுங்காகக் காற்றடித்து ஓட்டினால் 20,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 12 பைசா.

அதே வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 104 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 31 பைசா. அதாவது, டயருக்கு ஆகிற செலவு பெட்ரோலுக்கு ஆவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

இப்போது "இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்" என்பவரின் கணக்கைப் பார்ப்போம். 3,000 கிலோமீட்டரை 12 பைசாவால் பெருக்கினால் 360 ரூபாய். அவ்வளவுதான் ஐயா! மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மூன்று மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டி மிச்சம் பிடிப்பது மொத்தமாக 360 ரூபாய். நாளைக்கு நாலு ரூபாய். ஒரு டீக்குக் காணாது. டயர் மெலிந்தால் முள்ளும் ஆணியும் சுலபமாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பஞ்சர் ஒட்டினால் அந்த 360-ம் போச்சு.

இதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், திரும்ப வராது என்று தெரிந்த கடனை அடுத்த குவார்ட்டருக்குத் தள்ளிவிடுகிற வேலை. கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். மேனேஜருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும். "பார்ட்டி நல்லவர் சார், கொடுத்துடுவார்" என்றெல்லாம் ஆடிட்டரிடம் சொல்ல முடியாது. டயருக்கும் அப்படி ஒரு கோடு இருக்கிறது.

ஒரு ஏ.டி.எம். கார்டு தடிமன்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 94-ஆவது விதி டயரைப் பற்றியது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு டயர் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று ஆங்கில எழுத்தோ, குட்டியாக ஒரு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் சின்னதாக ஒரு மேடு தெரியும். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

0.8 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? பர்ஸைத் திறந்து ஏ.டி.எம். கார்டை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். எந்த பேங்க் கார்டாக இருந்தாலும் தடிமன் 0.76 மில்லிமீட்டர்தான், உலகம் முழுக்க ஒரே அளவு. சட்டம் உங்களிடம் கேட்பது கிட்டத்தட்ட அந்த ஒரு கார்டு தடிமன் பள்ளம். அதுவும் இல்லாமல்தான் பெண்டாட்டி பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறோம்.

இன்னொன்று. 0.8 என்பது சட்டத்தின் கடைசி எல்லை, "இதுவரை சுகமாக ஓட்டலாம்" என்கிற சிபாரிசு இல்லை. மினிமம் பேலன்ஸ் வைத்திருக்கிறவர் எல்லாம் பணக்காரர் ஆகிவிடுவாரா? என் கட்சி இதுதான்: இரண்டு கார்டு தடிமன், அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

"நம்ம வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கே" என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லா மாடல்களுக்கும் விதி வந்தது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் ஏ.பி.எஸ். செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. ரோட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கிற பிடிப்பை வைத்துத்தான் அது வேலை செய்ய முடியும். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

எட்டு மாசம் ஏமாற்றுகிற டயர்

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழுக்கை டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கும். பள்ளம் இருப்பதே தண்ணீரை வெளியேற்றத்தான். தண்ணீரே இல்லாத ரோட்டில் பள்ளம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். இங்கே விதர்பாவில் அக்டோபரிலிருந்து ஜூன் பாதி வரை பெரிய மழை கிடையாது. மே மாதம் வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த எட்டு மாதமும் வழுக்கை டயர் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். "பார்த்தியா, ஓடும்னு சொன்னேன்ல" என்று நமக்கும் தைரியம் வந்துவிடும். ஜூன் நடுவில் முதல் மழை விழும். எட்டு மாசத் தூசியும் வண்டிகள் சொட்டிய ஆயிலும் தண்ணீரோடு சேர்ந்து ரோட்டின் மேல் ஒரு படலமாக நிற்கும். வழுவழுவென்ற சிமென்ட் ரோடு என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, டயருக்கு நிஜமான பரீட்சை நடக்கிற அன்று, அது வருஷத்திலேயே மிக மெலிந்து போயிருக்கும். நம்ம ஊரில் இதே கதை வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரில் நடக்கும். மாதம்தான் வேறு.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிக்காரர்கள். அத்தனையும் டயரால் என்று சொல்ல நான் மடையன் இல்லை. வேகம், ஹெல்மெட், லாரி, குடி, குழி என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் இந்த ஆயிரத்தில் பெரும்பாலானவை அடுத்தவன் கையிலும் இருக்கின்றன. டயர் மட்டும் முழுக்க முழுக்க நம் கையில்.

இரண்டாவது குற்றவாளி

சரி, கணக்கும் தெளிவு, சட்டமும் தெளிவு. அப்புறம் ஏன் மாற்ற மாட்டேன் என்கிறோம்? "கஞ்சத்தனம்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபதாயிரத்துக்கு போன் வாங்கி, அதற்கு ஐநூறு ரூபாய்க்குக் கண்ணாடி ஒட்டுகிற ஆள்தான் 2,400 ரூபாய் டயருக்கு யோசிக்கிறார். பணம் இல்லாமல் இல்லை. "டயர் போச்சு, மாத்துங்க" என்று சொல்கிற வாயை அவர் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை?

எங்கள் கிளையில் விவசாயக் கடன் பார்க்கும் தம்பி ஒருவர். பீகார்க்காரர், முப்பது வயசு ஆகவில்லை. தினமும் கிராமம் கிராமமாக அறுபது, எழுபது கிலோமீட்டர் பைக்கில்தான் போவார். மே கடைசியில், மழைக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று ஒழுங்குப் பிள்ளையாக வண்டியை சர்வீஸுக்கு விட்டார். கம்பெனி போர்டு போட்ட, கண்ணாடி வைத்த, ஏ.சி. ரூமில் காபி கொடுக்கிற இடம். பெயர் வேண்டாம். பில் 2,860 ரூபாய். அதில் பாலிஷ் உண்டு, துருப்பிடிக்காமல் இருக்கக் கோட்டிங் உண்டு, என்ஜின் ஃப்ளஷ் உண்டு, எதற்கென்றே தெரியாத "கன்ஸ்யூமபிள்ஸ்" உண்டு. கூடவே ஒரு செக் லிஸ்ட். அதில் "டயர் நிலை" என்பதற்கு நேரே அழகாக ஒரு டிக்.

ஜூன் மூன்றாவது வாரம், முதல் மழை. கிராமத்து ரோட்டு வளைவில் பின் சக்கரம் விலகி ஆள் கீழே. காலர் எலும்பு முறிவு, ஆறு வாரம் லீவு. எதிரே லாரி எதுவும் வரவில்லை, அது பகவான் புண்ணியம். வண்டியைப் போய்ப் பார்த்தேன். பின் டயரின் நடுவில் பள்ளம் என்பதே இல்லை. உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. புது டயர் இருந்திருந்தால் விழுந்தே இருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த டிக் பொய் என்று சத்தியம் செய்வேன். மூன்று வாரத்தில் எந்த டயரும் அப்படித் தேயாது.

அந்தச் செக் லிஸ்டை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சூப்பர்வைசர் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "டயர் எங்க சர்வீஸ்ல வராது சார். அதுவும் போக, டயர் மாத்தச் சொன்னா, விக்கப் பார்க்கிறோம்னு கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க."

இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசியுங்கள். அவன் சொன்னது பாதி உண்மை. கஸ்டமர் சண்டைக்கு வரத்தான் செய்வார். ஏன் வருகிறார்? போன தடவை அதே கவுன்ட்டரில் பாலிஷும் ஃப்ளஷும் அவர் தலையில் கட்டப்பட்டது. அதற்கு முந்தின தடவை கோட்டிங். தேவையில்லாததை எல்லாம் "கட்டாயம் சார்" என்று விற்ற வாய், ஒரு நாள் நிஜமாகவே தேவையானதைச் சொல்லும்போது எடுபடாமல் போகிறது. புலி வருது கதைதான். கூடுதல் பில் போட்டுச் சம்பாதித்த ஒவ்வொரு சர்வீஸ் சென்டரும் ஏதோ ஒரு வழுக்கை டயரை ரோட்டில் ஓட விட்டிருக்கிறது என்பேன். இவர்தான் நான் சொன்ன இரண்டாவது குற்றவாளி. பணம் போனதுகூடப் பெரிய நஷ்டம் இல்லை. நல்ல யோசனையை நம்புகிற பழக்கமே போனது பெரிய நஷ்டம்.

கம்பெனி சர்வீஸா, தெரு மெக்கானிக்கா?

ஆபீஸில் டீ நேரத்தில் இந்தப் பட்டிமன்றம் நடக்காத வாரம் இல்லை. "கம்பெனி சர்வீஸ்தான்யா" என்று ஒரு அணி. "அவன் கொள்ளைக்காரன், நம்ம தெரு மெக்கானிக்தான்" என்று இன்னொரு அணி. என் தீர்ப்பு: இரண்டு அணியுமே போர்டைப் பார்த்துத்தான் பேசுகிறது.

கம்பெனி சர்வீஸ் மேல் சந்தேகப்படுவது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிக்கடைகளுக்குத் தாராளமாகக் கிடைக்க விடாமல், ரிப்பேர் சந்தையைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்பீல், கோர்ட்டு என்று அது பிறகு போனது வேறு கதை. அது கார், நாம் பேசுவது பைக். ஆனால் "வேறு எங்கேயும் போகாதே" என்று சொல்லி வியாபாரம் செய்கிற ஆசை எங்கே இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

அதற்காகத் தெரு மெக்கானிக்கைத் தெய்வமாக்கவும் மாட்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதில் கோளாறு என்றால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க வேண்டும். காதை வைத்துக் கேட்டு ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற வித்தை இந்த வண்டிகளில் செல்லாது. இன்னொன்று ஆயில். பைக்கில் பெரும்பாலும் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. அதற்கென்று ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று தரக்குறி டப்பாவில் இருக்கும். "எல்லாம் ஆயில்தான் சார்" என்று காருக்கு ஊற்றுவதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பேரல் ஆயிலை மக்கில் பிடித்து ஊற்றுகிற கடையில் இதை யார் பார்ப்பது?

வாரண்டி காலத்தில் கம்பெனி சர்வீஸ் போங்கள், வேறு வழியில்லை. இலவச சர்வீஸ் கூப்பனையும் விடாதீர்கள். வாரண்டி முடிந்த பிறகு எங்கே விடுவது என்பதற்கு என்னிடம் மூன்று பரீட்சை இருக்கிறது. கடன் கொடுக்கும்போது பார்ட்டியை எடை போடுகிற மாதிரிதான்.

ஒன்று, எழுத்தில் தருவாரா? வண்டியை விடும்போதே என்ன வேலை, என்ன செலவு என்று எழுதித் தர வேண்டும். அதற்கு மேல் எது செய்தாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ஏ.சி. ரூம் ஜாப் கார்டுதான் வேண்டும் என்பதில்லை, சின்ன மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் போதும். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம்கூட இல்லை. ஆனால் கையில் காகிதம் இல்லாவிட்டால் இது எதுவும் பிரயோஜனப்படாது.

இரண்டு, கழற்றிய சாமானைக் கையில் தருவாரா? பிரேக் ஷூ மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன் என்றால் பழையது எங்கே? "தூக்கிப் போட்டாச்சு சார்" என்றால் அங்கே இரண்டாவது முறை போகாதீர்கள்.

மூன்று, "இப்போ வேண்டாம்" என்று எப்போதாவது சொல்வாரா? இதுதான் மூன்றிலும் பெரிய பரீட்சை. நான் வண்டி விடுகிற இடம் இரண்டு ஷட்டர் கடை, போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துபோயிருக்கும். மராத்தியில் பாவூ என்றால் அண்ணன், அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன். செயின் செட் மாற்றலாமா என்று கேட்டதற்கு, இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் கழிச்சு வாங்க" என்றார். வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன மனுஷன் அவர். அவரே போன வருஷம் "முன் டயர் மாத்துங்க" என்றபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவர் "வேண்டும்" என்றால்தான் அதற்கு மதிப்பு.

கவனியுங்கள், அதே பாவூ டயர் மாற்ற மாட்டார். "என்கிட்ட மெஷின் இல்லை" என்று டயர் கடைக்கு அனுப்பிவிட்டார். அலாய் வீலில் கடப்பாரை மாதிரி லீவர் போட்டு நெம்பினால் விளிம்பு கீறும், டியூப்லெஸ் டயரில் அது வழியாகக் காற்று கசியும். சர்வீஸுக்கு ஒரு இடம், டயருக்கு ஒரு இடம் என்று பிரிப்பதில் தப்பே இல்லை. கண் டாக்டரிடம் பல் பிடுங்கப் போவோமா?

டயர் கடையில் ஏமாறாமல் இருக்க

தயாரித்த தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் வருஷம் 14-ஆவது வாரம். தள்ளுபடி என்று சொல்லி மூன்று வருஷம் மூலையில் கிடந்த சரக்கைத் தள்ளுகிறார்களா என்பது இதில் தெரிந்துவிடும். ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டியில் பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால், வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். 100/90-17, 55 பி என்று இருந்தால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது அந்த டயர் 218 கிலோ தாங்கும் என்பதற்கும், பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கும் குறியீடு. கெத்துக்காக அகல டயர் போட்டால் செயினில் உரசும், மைலேஜ் குறையும், வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது.

முன் டயரை மறக்காதீர்கள். பின்னால் மூன்று டயர் மாற்றிவிட்டு, முன்னால் ஷோரூமிலிருந்து வந்ததையே ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். அவசரத்தில் பிரேக் பிடித்தால் எடை முழுக்க முன்னால்தான் வந்து விழும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு அந்த முன் டயருக்குத்தான்.

டியூப் டயர் என்றால் டியூபையும், டியூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றுகிற திசையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்தை மாட்டிய பிறகு செயின் தளர்வு சரியா, இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணில் நிற்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும். அதுவரை வளைவில் வீரம் வேண்டாம்.

தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி "செகண்ட்ஸ்" என்று விற்பார்கள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிச்சம் இருந்த கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்துவிட்டு அதற்குக் காசு கேட்கிறார்கள்.

விலை? 2025 செப்டம்பர் 22 முதல் பைக் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய சாக்கு ஒன்று அதோடு போனது. நாக்பூர்க் கடையில் மேலூர் பக்கத்து வெள்ளரிப்பட்டி ஃபாக்டரி டயரைப் பார்த்தால் மதுரைக்காரனுக்கு ஒரு சந்தோஷம் வரும், அது வேறு. அதற்காகத் தேதி பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள் :-)

எங்கள் பங்கும் இருக்கிறது

அடுத்தவரையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? எங்கள் தொழிலுக்கும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். டூவீலர் லோன் கொடுக்கும்போது சம்பளம் பார்க்கிறோம், மார்ஜின் பார்க்கிறோம், தவணை கட்ட முடியுமா என்று பைசா சுத்தமாகப் பார்க்கிறோம். வண்டி ஓடினால் டயர் தேயும், அதற்கு மாதம் இவ்வளவு தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதை எந்த விண்ணப்பத்திலும் கேட்பதில்லை. ஆபீஸ் வேலையாக ஊர் சுற்றுகிறவருக்குப் பெட்ரோலுக்குப் படி உண்டு, டயருக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. டயர் தேய்வது நிறுவனத்துக்காக, மாற்றுவது சொந்தக் காசில் என்றால் அவர் தள்ளித்தான் போடுவார்.

சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன்களைப் பாருங்கள். மழையில்தான் ஆர்டர் அதிகம் வரும். தவணையும் பெட்ரோலும் போக மிஞ்சுவதில் டயர் கடைசி வரிசையில் நிற்கிறது. சிக்னலில் நிற்கும்போது அந்தப் பின் சக்கரங்களைக் கவனியுங்கள், வயிற்றைக் கலக்கும். அவனிடம் போய் "ஏன்டா மாத்தலை?" என்று கேட்பது சுலபம். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற அவனுக்கு அது மாதம் 240 ரூபாய்ச் செலவு. வேலை வாங்குகிறவர் அதைக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

எனவே கேட்பது இவ்வளவுதான். சர்வீஸ் சென்டர்க்காரரே, பாலிஷை விற்காவிட்டால் பரவாயில்லை, டயர் ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். டிக் வேண்டாம், எண் வேண்டும். பைக் படி கொடுக்கிற முதலாளிகளே, கிலோமீட்டருக்கு 12 பைசா சேர்த்துக் கொடுங்கள். பைக் ஓட்டுகிற மக்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது குனிந்து அந்தக் குட்டி மேட்டைத் தேடுங்கள், முன்னாலும் பின்னாலும். மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டது என்றால் திங்கட்கிழமை டயர் கடை. அங்கே யாராவது "ஓடும் சார்" என்று ஆரம்பித்தால், "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.